தெலோம் ஆறு வரைபடத்துக்கு வந்த வழி



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் நம்மிடையே வழக்கம். நான் ஓர் ஆற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த ஆறு காகிதத்தில் எப்படி ஏறியது, யார் ஏற்றினார்கள், ஏறிய பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதே இன்றைய பொருள். கேமரன் மலையில், தெர்லா ஆறு தெலோமில் கலக்கும் இடத்தில் நாம் கூடியிருக்கிறோம். தெலோம் இங்கிருந்து காடுகளின் ஊடே கிழக்கே இறங்குகிறது. வழியில் பெர்தாமைச் சேர்த்துக்கொண்டு ஜெலாயில் விழுகிறது. ஜெலாய், தெம்பெலிங்கோடு கூடிப் பகாங் ஆறாகிப் பெக்கான் அருகே தென்சீனக் கடலை அடைகிறது. மலேசியத் தீபகற்பத்தின் மிக நீளமான ஆற்றுக்கு நீர் கொடுக்கும் தலைமடைகளில் ஒன்றில் நாம் வாழ்கிறோம் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பாடநூலில் நைல் நதியின் கிளைகளைப் படித்து மனப்பாடம் செய்கிற பிள்ளைக்குத் தன் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையின் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

1885ஆம் ஆண்டுக்குப் போவோம். பேராக்கில் அப்போது பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. போர்னியோவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1851இலேயே கினபாலு மலையில் ஏறியவர். செடிகொடிகளில் தீராத பற்றுக் கொண்டவர். பேராக்குக்கும் பகாங்குக்கும் இடையே நிற்கும் பெருமலைத்தொடரில் என்ன இருக்கிறது என்று அன்றைய அரசு வரைபடங்களால் சொல்ல முடியவில்லை. மேற்கே ஈயச் சுரங்கங்கள் இருந்த கிந்தா பள்ளத்தாக்கு ஓரளவு அளக்கப்பட்டிருந்தது. கிழக்கே பகாங் இன்னும் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வரவில்லை. நடுவே வெறும் வெள்ளைக் காகிதம். அந்த இடைவெளியை நிரப்பப் போனவர்தான் வில்லியம் கேமரன். அரசுப் பணியில் நில அளவையும் நிலப்பொதியியலும் பார்த்தவர். அவரோடு குலோப் ரியாவ் என்ற மலாய்க்காரரும் சுமை தூக்கிகளும் வழிகாட்டிகளும் போனார்கள். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து யானைகளோடு புறப்பட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மலைகள் சுழன்று விலகிய ஒரு நடுவிடத்தில் மென்மையான சரிவுகளும் உருண்ட குன்றுகளும் கொண்ட விரிந்த நிலத்தைக் கண்டதாகக் கேமரன் தெரிவித்தார். செய்தி கேட்ட லோ, உடல்நலம் தேறுவதற்கான குளிர்மலையாகவும் விளைநிலமாகவும் அதை ஆக்க விரும்பினார். ஆனால் கண்ட இடம் எது என்று தெளிவாகக் காட்டும் வரைபடம் பின்னால் வந்தவர்களின் கைக்கு வந்து சேரவில்லை. 1886இல் கேமரன் இறந்துவிட்டார். ஆக, அவர் பெயர் ஒரு மேட்டுநிலத்தில் ஒட்டிக்கொண்டது; அந்த மேட்டுநிலம் எங்கே என்ற கேள்வி நாற்பது ஆண்டுகள் திறந்தே கிடந்தது.

இதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. கணிப்பு என்றே அதைச் சொல்கிறேன். இன்று கேமரன் மலை என்றதும் எல்லாருக்கும் நினைவில் வருவது தானா ராத்தா. அது பெர்தாம் ஆற்றின் பக்கம். தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்து மலைத்தொடரைத் தாண்டுகிறவர் முதலில் இறங்குவது அங்கே இல்லை. வடக்கே, தெலோமின் தலைப்பக்கத்தில்தான் இறங்குவார். புளூ வேலி, கம்போங் ராஜா, கோலா தெர்லா என்று இன்று நாம் அழைக்கும் இந்தப் பகுதி அது. மலைகள் சுழன்று விலகிய நடுவிடம் என்ற வருணனையும் இங்கே நின்று பார்த்தால் பொருந்தி வருகிறது. கேமரன் கண்டது இந்தப் பள்ளத்தாக்காக இருக்கலாம் என்பதற்கு நிலத்தின் அமைப்பே துணை நிற்கிறது. அவருடைய வழிக்குறிப்புகள் முழுமையாகக் கிடைக்கும்வரை இதை அடித்துச் சொல்வதற்கில்லை.

ஒரு தேர்ந்த அளவையாளர் கண்ட இடம் எப்படித் தொலைந்து போகும்? மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் காட்டுக்குள் போகிறவர் கையில் திசைகாட்டி இருக்கும், கடிகாரம் இருக்கும். எந்தத் திசையில் எத்தனை நேரம் நடந்தோம் என்று குறித்துக்கொண்டே போவார். உயரம் அறியக் காற்றழுத்தமானி. அதைச் சரிபார்க்க வெந்நீர். தண்ணீர் கடலோரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறும்தோறும் ஒரு டிகிரி குறையும். 95 டிகிரியில் கொதித்தால் 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம் என்று கணக்கு. வானிலை மாறினால் இந்தக் கணக்கும் ஆடும். நடையின் வேகம் சேற்றில் ஒன்று, பாறையில் ஒன்று, அட்டைகளை உதறிக்கொண்டு நடக்கையில் வேறொன்று. இந்தப் பிழைகளெல்லாம் நாளுக்கு நாள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். தெரிந்த ஒரு மலைமுடியை எதிரே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றால், மரங்கள் எதையும் பார்க்க விடுவதில்லை.

உலகின் மறுகோடியில் இதே வேலையைச் செய்த ஒருவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். எர்னஸ்ட் லெஃபிங்வெல் என்ற அமெரிக்கர், 1906க்கும் 1914க்கும் இடையில் அலாஸ்காவின் வடமுனையோரத்தில் கேனிங் ஆற்றுப் பகுதியை வரைபடமாக்கினார். ஒன்பது கோடைகளும் ஆறு குளிர்காலங்களும் அங்கே கழித்தார்; நாய்கள் இழுத்த சறுக்கு வண்டியிலும் சிறு படகிலும் ஏறத்தாழ 4,500 மைல் அலைந்தார். அவருடைய அறிக்கையை அமெரிக்க நிலப்பொதியியல் அளவைத் துறை 1919இல் வெளியிட்டது. அங்கே மரமே கிடையாது. வானம் தெளிந்தால் மலைவரிசை முழுவதும் கண்ணுக்கு முன் நிற்கும். அவருடைய பகை குளிரும் தூரமும் குறுகிய கோடையும். இங்கே குளிர் கொல்லாது, தூரமும் பெரிதில்லை. பத்தடிக்கு அப்பால் கண் தெரியாது, அவ்வளவுதான். இந்தப் பார்வைத் தடை எத்தனை பெரியது என்பதை ஒரு நிகழ்ச்சி சொல்லும். 1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர்பெற்ற ஜிம் தாம்சன் தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் போனவர் திரும்பவில்லை. காவலர்கள், படைவீரர்கள், ஓராங் அஸ்லி பழங்குடியினரில் தடம் அறிவோர் என நூற்றுக்கணக்கானோர் தேடியும் ஒரு தடயமும் கிட்டவில்லை. சாலையும் விடுதிகளும் வந்துவிட்ட பிறகு, அளந்து முடித்த வரைபடம் கையில் இருந்த காலத்தில், நடந்தது இது.

ஆகவே மலாயாவின் அளவையாளர்கள் காட்டை வெட்டிக்கொண்டேதான் அளக்க வேண்டியிருந்தது. அந்த வெட்டுப் பாதைக்கு இன்றும் ரெந்திஸ் என்றே பெயர். அளவையாளர் திசை காட்டுவார். அவருக்கு முன்னால் பாராங் கத்தியோடு ஆட்கள் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போவார்கள். பின்னால் தூரம் அளக்கும் சங்கிலியாள். மலைமுடியில் நிலையம் அமைக்க வேண்டுமானால் முடியிலுள்ள மரங்களை வீழ்த்தி, தூரத்து முடியிலிருந்து தெரியுமாறு கம்பம் நாட்ட வேண்டும். பிறகு முகில் விலகும்வரை காத்திருக்க வேண்டும். பிரிஞ்சாங் முடி 2,031 மீட்டர், ஈராவ் 2,110 மீட்டர், யோங் பெலார் 2,181 மீட்டர் என்று இன்று நாம் எளிதாகப் படிக்கிற எண்களுக்குப் பின்னால் இந்தக் காத்திருப்பு இருக்கிறது. வரைபடத்தின் ஓரத்தில் அளவையாளர் பெயராவது எங்கேனும் இருக்கும். பாராங் பிடித்தவர் பெயர் எங்கும் இராது.

அந்த ஆட்கள் காட்டுக்குள் எதைப் பின்பற்றினார்கள்? ஓடைகளைத்தான். தெலோமின் கரைகளில் செமாய் மக்களும், வடக்கே தெமியார் மக்களும், அளவையாளர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வாழ்ந்தவர்கள். அவர்கள் நிலத்தை அறிவது நீரைக் கொண்டுதான். எந்த ஓடையின் தலையில் யாருடைய பழைய கழனி இருந்தது, எந்த ஓடை எந்த ஓடையில் விழுகிறது, மழைநாளில் எங்கே கடக்கலாம் என்பதே அவர்களுடைய நில அறிவு. காகிதத்தில் எழுதாத வரைபடம் அது. தாத்தா பேரனுக்குச் சொல்லி, பேரன் நடந்து பார்த்துச் சரியாக வைத்துக்கொண்டது. வெள்ளைக் காகிதமாகக் கிடந்த இடம் என்று சற்று முன் சொன்னேன். அது ரெசிடெண்டின் மேசையில் மட்டுமே வெள்ளை. அளவையாளர்கள் வழிகாட்டிகளைக் கேட்டுத்தான் ஓடைப் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். தெலோம், பெர்தாம், லெமோய், தெர்லா, கியால், கொடோல், பிளாவுர் என்று வரைபடத்தில் நிற்கும் பெயர்களுக்குக் காது கொடுத்துப் பாருங்கள். அவற்றில் துரைமாரின் பெயர் ஒன்றும் இல்லை. மலைத்தொகுதிக்குக் கேமரன், ஓர் அருவிக்கு ராபின்சன் என்று சில பெயர்கள் மேலே ஏறின. ஓடைகளைப் பொறுத்தவரை, அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னதே நின்றது. லெஃபிங்வெல்லும் இனுப்பியாட் மக்களிடம் கேட்டு அவர்களின் இடப்பெயர்களைப் பதிந்து வைத்தார். முன்பின் தெரியாத நாட்டில் ஆற்றை அளக்கிறவருக்கு வேறு வழி இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருங்காட்சியக அறிஞர் எச். சி. ராபின்சன் தெலோம் பள்ளத்தாக்கில் பறவைகளும் விலங்குகளும் சேகரித்தார். 1925இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்தார். இலங்கையின் நுவரெலியாவோடும் பிலிப்பைன்ஸின் பாகியோவோடும் இவ்விடத்தை ஒப்பிட்டார். அடுத்த ஆண்டே வளர்ச்சிக் குழு, சோதனைப் பண்ணை எல்லாம் வந்தன. தாப்பாவிலிருந்து மலைச்சாலை 1931இல் முடிந்தது. அதற்கு முன்பே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். நம் பாட்டன் பாட்டிமார் இந்த மலைக்கு ஏறியது இந்த அலையில்தான். காடு வெட்டி, வழி அமைத்து, தேயிலை நட்டு, வெளிக்காட்டு வேலை முழுவதையும் செய்தவர்கள் அவர்கள். அரசு அலுவலகங்களில், நில அளவைத் துறையும் அதில் அடக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகளும் படவரைஞர்களும் மையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். காட்டில் சங்கிலி இழுத்த தமிழரும் அலுவலகத்தில் கோடு இழுத்த தமிழரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இருவரையும் சேர்த்து எழுதிய வரலாறு நம்மிடம் இல்லை. எழுத வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது பலருக்கு வியப்பாக இருக்கும். இந்த மலையின் வரைபடத்துக்கு அடியில் தமிழ்நாட்டில் போட்ட ஒரு கணக்கு கிடக்கிறது.

உலகம் முழு உருண்டை இல்லை; துருவங்களில் சற்றுத் தட்டையானது. எவ்வளவு தட்டை, நடுக்கோட்டில் எவ்வளவு அகலம் என்று ஓர் எண் இல்லாமல் வட்டாரம் முழுவதையும் ஒரே வரைபடமாகச் சேர்க்க முடியாது. அந்த எண்ணைத் தேடித்தான் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் உலோகம் நீள்வதைக்கூடக் கணக்கில் கொண்டு, ஏழரை மைல் அளவுக்கு நீண்ட ஒரே கோட்டை அளந்தார்கள். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகத் தமிழகம் முழுவதும் விரிந்தது. தஞ்சைச் சமவெளியில் ஏறிப் பார்க்க மலை இல்லை. அதனால் 1808இல், கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயிலின் விமானத்துக்குக் கயிற்றில் ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் திருச்சியில் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே சீர்செய்தார். கோபுரங்களும் குன்றுகளும் நிலையங்களாக, அளவை கன்னியாகுமரி வரை போனது. 1823இல் லாம்டன் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்தப் பேரளவையை வடக்கே கொண்டுபோனார். அதில் கிடைத்த அளவுகளைக் கொண்டு பூமியின் வடிவத்துக்கு அவர் வகுத்த எண்கள் 1830இல் வெளிவந்தன.

மலாயாவை முக்கோணங்களால் அளந்தபோது இந்த எவரெஸ்ட் எண்களையே எடுத்துக்கொண்டார்கள். 1948இன் திருத்திய மலாயா முக்கோண அளவையும் அதன்மேல்தான் நின்றது. பகாங்கிலுள்ள கெர்தாவ் அதன் தொடக்கப் புள்ளி. எவரெஸ்ட் தம் எண்களை அடிக்கணக்கில் கொடுத்திருந்தார். அந்த அடி எத்தனை மீட்டர் என்பதில் இந்தியாவில் ஒரு விகிதமும் மலாயாவில் வேறொரு விகிதமும் கொண்டதால், பூமியின் அரை அகலம் இரண்டு நாடுகளிலும் ஏறத்தாழ 28 மீட்டர் வேறுபட்டு நிற்கிறது. இந்தியாவில் 6,377,276 மீட்டர். இங்கே 6,377,304 மீட்டர். இந்த முறையை மலேசியா 2003இல்தான் விட்டு, செயற்கைக்கோள் அளவைக்குப் பொருந்தும் புதிய அடிப்படைக்கு மாறியது. கைப்பேசி காட்டும் நெட்டாங்கு அகலாங்கைப் பழைய வரைபடத்தில் அப்படியே வைத்தால் 150 மீட்டருக்கு மேல் தள்ளி விழுவதற்குக் காரணம் இதுவே. பரங்கிமலையில் சங்கிலி பிடித்த கைகளும் தெலோம் கரையில் பாராங் பிடித்த கைகளும் ஒரே கணக்கின் இரு முனைகள். நம் மக்கள் கூலிகளாக மட்டும் இந்த மலைக்கு வந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த மலையை அளக்கும் கோலும் தமிழ் மண்ணில் வெட்டப்பட்டது என்பதை அதன் பக்கத்தில் எழுத வேண்டும்.

அடுத்த திருப்பம் வானத்திலிருந்து வந்தது. 1948இல் அவசரகாலம் தொடங்கியது. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் போராளிகள், அவர்களைத் தேடும் படைகள். படைக்கு வரைபடம் வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் 81ஆம் பிரிவு ஸ்பிட்ஃபயர், மொஸ்கிட்டோ விமானங்களில் ஒளிப்படக் கருவி பொருத்தி மலாயாவின் மேல் வரிவரியாகப் பறந்தது. அந்தப் படையில் ஸ்பிட்ஃபயரின் கடைசிப் பணிப்பறப்பு 1954 ஏப்ரல் 1 அன்று இங்கேதான் நடந்தது. மொஸ்கிட்டோவின் கடைசிப் பணிப்பறப்பு 1955 டிசம்பர் 15 அன்று. போர் விமானங்களின் வரலாற்றில் புகழ்பெற்ற இரண்டு பெயர்களும் நம் காடுகளைப் படம் எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தன. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்த இரு படங்களை இரட்டைக் கண்ணாடியில் பார்த்தால் மலை எழும்பித் தெரியும். அதைத் தொட்டுச் சம உயரக்கோடுகளை வரைவார்கள். ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடு அது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. அந்தக் காலத்து மலாயா வரைபட வரிசைகளில் ஒன்று ஒரு மைலை ஓர் அங்குலமாக்கியது, அதாவது 1:63,360. போருக்குப் பின் அலாஸ்காவுக்கு அமெரிக்கர் வான்படங்களிலிருந்து தயாரித்த வரிசையும் இதே அளவுதான். தேயிலை மணக்கும் இந்த மலையும் ஆளரவம் குறைந்த வடமுனை ஆறுகளும் ஒரே காலத்தில், ஒரே முறையில், ஒரே அளவில் காகிதத்துக்கு வந்தன.

ஒரு பெரிய வேறுபாடு மட்டும் உண்டு. அலாஸ்காவின் படத்தில் தெரிவது தரை. நம் படத்தில் தெரிவது மரமுடி. முப்பது மீட்டர் உயரக் காட்டின் மேற்பரப்பைப் பார்த்து, மர உயரத்தை ஊகித்துக் கழித்துத்தான் தரையின் கோட்டை வரைய முடிந்தது. பள்ளத்தில் நீர் வளமாகக் கிடைப்பதால் அங்கே மரம் உயர்ந்து வளரும். காற்று அறையும் முகட்டில் குட்டையாக நிற்கும். விளைவு, பள்ளம் ஆழம் குறைந்து தெரியும். குறுகிய ஓடைகளின் வெட்டுகள் படத்தில் மழுங்கிப்போகும். பெரிய ஆறுகள் சரியாக விழுந்தன. மண்ணைக் கொண்டுவந்து நம் வீடுகளில் கொட்டுகிற சிற்றோடைகள்தான் சரியாக விழவில்லை. வடமுனையின் பழைய வரைபடங்களை அமெரிக்கர்கள் 2010 முதல் முகிலை ஊடுருவும் ரேடார் அளவையால் புதுப்பித்து 1:25,000 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மலேசியாவும் ரேடார் அளவையைப் பயன்படுத்துகிறது. இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டுவரும் லேசர் கதிர் அளவை, மரத்தை நீக்கித் தரையைக் காட்டவல்லது. மனிதர் பாராங்கோடு போய்த்தான் அறிய முடிந்த ஓடை வெட்டுகளை அது வானிலிருந்தே எடுத்துத் தருகிறது.

நல்ல வரைபடம் வந்ததும் அதை முதலில் பயன்படுத்தியவர்கள் பொறியாளர்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆற்றின் தலையெழுத்தே இதில் மாறியது. தெலோமும் பெர்தாமும் அருகருகே ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு முகடு. பெர்தாமுக்கு மேற்கே பெருமலைத்தொடரின் முகடு. அதற்கு அப்பால் பேராக்கின் பாத்தாங் பாடாங் ஆறு, மிகத் தாழ்வில். சம உயரக்கோடுகளைப் பார்த்த பொறியாளருக்கு ஒன்று பளிச்செனத் தெரிந்தது. கிழக்கே மெல்ல இறங்கிப் போகிற நீரை மலையைக் குடைந்து மேற்கே திருப்பினால், அது 500 மீட்டருக்கு மேல் செங்குத்தாக விழும். அந்த வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கலாம். கேமரன் மலை–பாத்தாங் பாடாங் நீர்மின் திட்டம் பிறந்தது அப்படித்தான். தெலோம், பிளாவுர், கியால், கொடோல் ஆற்றுநீரை ஒரு குகைவழி பெர்தாமுக்குக் கொண்டுபோகிறது. பெர்தாமுக்குக் குறுக்கே கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை உருவாக்கியது. அங்கிருந்து இன்னொரு குகைவழி பெருமலைத்தொடரைத் துளைத்து ஜோரிலுள்ள மின்நிலையத்துக்கு நீரை இறக்குகிறது. அங்கே 100 மெகாவாட், அதற்குக் கீழே வோவில் 150 மெகாவாட். வழியில், கோலா தெர்லாவிலேயே, ஒரு மெகாவாட்டுக்கும் குறைவான சின்னஞ்சிறு மின்நிலையம் ஒன்று இருக்கிறது.

இதன் பொருள் என்ன? இங்கே பெய்கிற மழை தென்சீனக் கடலுக்குரியது. திட்டம் வந்தபின் அதன் பெரும்பங்கு மலாக்கா நீரிணைக்குப் போகிறது. நீர்ப்பிரிமுகடு என்று புவியியல் பாடத்தில் படிக்கிறோமே, அந்த முகட்டையே மனிதர் கடந்துவிட்டார்கள். வரைபடத்தில் தெலோமின் நீலக்கோடு முன்போலவே கிழக்கே போகிறது. தண்ணீர் அப்படிப் போகவில்லை. கீழ்த்தெலோமின் செமாய் ஊர்களில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு வாழ்க்கை வேறுபாடு. 2016இல் முடிந்த 372 மெகாவாட் ஊலு ஜெலாய் திட்டத்துக்காகவும் தெலோமில் தடுப்பணை வந்தது. மின்சாரம் வேண்டாம் என்று நான் பேசவில்லை. இந்த மண்டபத்தின் விளக்குகளும் அதில்தான் எரிகின்றன. ஆற்றின் திசையை மாற்றும் முடிவுகள் எந்த வரைபடத்தைப் பார்த்து எடுக்கப்படுகின்றனவோ, அந்த வரைபடம் ஆற்றங்கரையில் இருப்பவர் கையிலும் இருக்க வேண்டும் என்கிறேன். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. உரிமையாகவே கேட்கிறேன்.

அந்த வரைபடம் அவர்கள் கையில் இருக்கிறதா? பெரிய அளவில் வரைந்த நிலத்தோற்ற வரைபடங்கள் பல இன்றும் ‘கட்டுப்பாட்டுக்குரியது’ என்று பொருள்படும் தெர்ஹாட் முத்திரையோடு, விண்ணப்பித்து அனுமதி பெற்றே வாங்கக்கூடியவையாக உள்ளன. அவசரகாலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. அவசரகாலம் 1960இல் முடிந்துவிட்டது. செயற்கைக்கோள் படம் யாருடைய கைப்பேசியிலும் வருகிற காலத்தில், பள்ளி ஆசிரியர் தன் ஊரின் சம உயரக்கோட்டுத் தாளைச் சுவரில் மாட்ட அனுமதி கேட்டு நிற்பது முறையா? நில அளவை, வரைபடத் துறை இதை மறுபடி எண்ணிப்பார்க்க வேண்டும் என்று மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இது உயிரோடு தொடர்புள்ள வேண்டுகோள். சரிவுகளில் காடு போய்க் காய்கறித் தோட்டமும் பிளாஸ்டிக் கூரையும் வந்த பிறகு, மழைநீர் ஊறாமல் ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் எடுத்துப்போகிறது. ரிங்லெட் நீர்த்தேக்கம் கட்டியவர்கள் எண்ணியதைவிட மிக வேகமாக வண்டலால் நிரம்பியது. 2013 அக்டோபர் 22 இரவு கனமழை. நள்ளிரவுக்குப் பின் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் மண்வெள்ளம். கேமரன் மலைச் சரிவுகளில் எங்கே மண் சரியக்கூடும் என்று ஆய்வாளர்கள் வரைபடமாகவே கணித்திருக்கிறார்கள். பிஸ்வஜீத் பிரதானும் அவர்தம் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைகள் பல நாடுகளில் படிக்கப்படுகின்றன. அந்த ஆபத்துச் சரிவின் அடியில் படுத்துறங்கும் குடும்பத்துக்கு அதன் ஒரு நகல்கூடப் போய்ச் சேரவில்லையென்றால், அந்த அறிவு பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்றுதான் சொல்வேன்.

மாணவர்களுக்கும் இந்த அறக்கட்டளைக்கும் ஒரு வேலைத்திட்டம் வைக்கிறேன். தெர்லா ஓடையிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசியிலுள்ள இடங்காட்டி போதும். தெலோமில் கலக்கும் இடத்திலிருந்து மேலே நடந்து, வந்து சேரும் ஒவ்வொரு சிற்றோடையையும் ஒவ்வொரு மதகையும் ஒவ்வொரு அடைபட்ட குழாயையும் குறியுங்கள். தோட்டத்துப் பெரியவர்களிடம் போய், எந்த ஆண்டு வெள்ளம் எந்தச் சுவர்வரை ஏறியது என்று கேளுங்கள். அந்த மட்டத்தில் சாயக்கோடு போட்டு ஆண்டையும் எழுதுங்கள். லயத்து மக்கள் ஓடைகளுக்கு இட்டு வழங்கும் பெயர்களையும் விடாமல் எழுதுங்கள். அவை எந்த அரசுத் தாளிலும் கிடையாது. செமாய் பெரியவர்களை வழிகாட்டிகளாக அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் உச்சரிக்கும்படி ஒலிப்பதிவு செய்து, அவர்கள் ஒப்பினால் மட்டும் தாளில் ஏற்றுங்கள். கண்டிப்பாக ஒரு பெரியவர் துணையோடு, மழையில்லாத நாளில் போங்கள்.

செமாய் வழிகாட்டிகளுக்கு நாட்கூலி கொடுக்க வேண்டும். 1885இல் குலோப் ரியாவோடு நடந்தவர்களைப்போல இவர்களும் பெயரில்லாமல் போகக் கூடாது. தாளின் ஓரத்தில் அவர்கள் பெயர் அச்சாக வேண்டும். அதற்கான செலவை இந்த ஆண்டு அறக்கட்டளை நிதியிலிருந்து ஒதுக்கித் தருமாறு நிறுவனர் குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தருவதாக அறிவித்த சொற்பொழிவுத் தொகையையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் மழைக்கு முன் முதல் தாள் முடிந்தால் நல்லது.